கீழ்ப்போர்வை

இல்லீங்க, பரவால்லீங்க, மடியிலயே இருக்கட்டும். மேல தட்டுல வெச்சா பக்கத்துப் பொட்டி வந்து இடிக்கும், கீழ வெச்சா யாராச்சும் மிதிப்பாங்க. அமுங்கக் கூடாதுங்க, அதான் விசயம். உங்களுக்கு எடஞ்சலா இருந்தாச் சொல்லுங்க, நான் சன்னல் பக்கமா இன்னும் ஒதுங்கிக்கறேன். பழனியில ஏறுனதுல இருந்து பாக்கறீங்க, இந்த ஆளு எதை இப்படிக் கட்டிப் பிடிச்சுட்டு வர்றான்னு. போர்வைங்க. ரெண்டு போர்வை. சிரிக்காதீங்க.

கொடைக்கானல் கடையில தொங்குமே, அந்தக் கம்பளி இல்லீங்க இது. தொட்டில்ல படுக்கறவங்களுக்கானது. ஆமாங்க, தொட்டில்தான். ரெண்டு மரத்துக்கு நடுவுல நைலான் துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதுக்குள்ள ஏறிப் படுத்துக்கறது. ஹேமக்குன்னு சொல்றாங்க. எனக்கு அது தொட்டில்தான். எம்பத்தஞ்சு கிலோ தண்டபாணி தொட்டில்ல ஏறுறதை நெனச்சு என்ற பொண்டாட்டி தேவகி சிரிக்காத நாளில்லீங்க.

நாங்க எட்டுப் பேரு. எல்லாம் திருப்பூர்க்காரங்கதான். மாசத்துக்கு ஒருக்கா ஏதாச்சும் ஒரு மலை. தெரிஞ்சவங்க தோட்டமாப் பாத்து, கேட்டுக்கிட்டு, மரத்துல தொட்டிலைக் கட்டி ஒரு ராத்திரி படுத்துட்டு வந்துருவோம். ஒம்பது வருசமா இப்படித்தான். மொத மொத வால்பாறைப் பக்கம் போனப்ப எனக்கு வந்த குளிரு இருக்கே, எதிரிக்கும் வரக்கூடாது. மேல மூணு கம்பளி போத்தியிருக்கேன். நெஞ்சு வேர்க்குது, முதுகு வெறைக்குது. தரையில படுத்தா கீழ தரைன்னு ஒண்ணு இருக்கு. தொட்டிலுக்குக் கீழ என்னங்க இருக்கு? காத்து. அது பாட்டுக்கு ராத்திரி முழுக்கப் போயிட்டும் வந்துட்டும் இருக்குது. சரின்னு ஒரு கம்பளியை உருவி முதுகுக்கு அடியில போட்டேன். அப்பவும் அதே குளிரு. நம்ம வெயிட்டுல அது அமுங்கிருதுங்க. பஞ்சா சூடு குடுக்குது? பஞ்சுக்குள்ள அசையாம நிக்கிற காத்துதான் குடுக்குது. அமுங்கிருச்சுன்னா அது வெறும் துணி.

இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரலீங்க. நானாக் கண்டுபிடிச்சது. எனக்குத் தொழிலே அதுதானே, வெளிநாட்டுக்குப் போற பாலியஸ்டர் பஞ்சு வெச்ச ஜாக்கெட்டு. பதினாறு மிசினு ஓடுது. வந்ததும் மிச்சத் துணியை எடுத்து, பஞ்சு வெச்சு, ரெண்டு முனையிலயும் கயிறு போட்டு ஒரு போர்வை தெச்சேன். தொட்டிலுக்கு உள்ளார இல்லீங்க, வெளிய. தொட்டிலுக்கு அடியில தொட்டும் தொடாம தொங்கணும். அதுதான் கீழ்ப்போர்வை. மேல போத்திக்க இன்னொண்ணு. எட்டுப் பேருக்கும் நானே தெச்சுக் குடுத்தேன். ஒரு பைசா வாங்கலை.

மூணு கலரு. மஞ்சள், நீலம், செவப்பு. கொல்லிமலை, ஏலகிரி மாதிரி பதினெட்டு இருவது டிகிரி எடத்துக்கு மஞ்சள். வால்பாறை, ஏற்காட்டுக்கு நீலம், அது பத்து டிகிரி வரைக்கும் தாங்கும். ஊட்டி, இந்த மேல்மலைப் பக்கம்னா செவப்பு, ரெண்டு அடுக்குப் பஞ்சு. எல்லாத்துக்கும் செவப்பே எடுத்துட்டுப் போயிறலாமேன்னு கேப்பீங்க. கூடாதுங்க! கொல்லிமலையில செவப்புல படுத்தா ராத்திரி பத்து மணிக்கு வேர்த்து ஊத்தும், விடிகாலையில அந்த ஈரமே நடுங்க வெச்சுரும். அதுக்கு ஒரு கணக்கு இருக்குது. ஆளுக்கு ஆள் மாறும். மருந்துக் கடை வெங்கிடுபதின்னு ஒருத்தரு எங்க கூட்டத்துல. குளுந்த உடம்பு. மத்தவங்களுக்கு நீலம்னா அவருக்குச் செவப்பு.

சனிக்கிழமை பயணம்னா புதன்கிழமை சாயந்திரம் என்ற போன் ஓயாதுங்க. "பாணியண்ணா, எந்தப் போர்வை?" "பாணியண்ணா, மேல மஞ்சளும் கீழ நீலமும் போதுமா?" நான் சோத்துல கைய வெச்சுட்டே பதில் சொல்லுவேன். தேவகி திட்டுவா. "ஏனுங்க, கலெக்டரு கூட நிம்மதியாச் சாப்பிடறாரு"ம்பா. எனக்கு அது நெம்பப் புடிக்குமுங்க. ஒளிச்சுச் சொல்ல என்ன இருக்கு? புடிக்கும்.

அப்பத்தான் அவன் வந்தான்.

சுதன்னு பேரு. கோபிக்காரன். முப்பத்தஞ்சு வயசிருக்கும். நார்வே தேசத்துல அஞ்சு வருசம் வேலை பாத்துட்டு வந்து இப்ப அவிநாசி ரோட்டுல லிஃப்டு மாட்டற தொழில் பண்றான். வெங்கிடுபதி கடைக்கு மாத்திரை வாங்க வந்தவன், பேச்சு வாக்குல எங்க கூட்டத்துல சேந்துட்டான். கெட்டவன்னு சொல்ல மாட்டேனுங்க. கெட்டவனா இருந்தா எனக்கு ஒரு கவலையும் இல்லையே! வந்த மொத நாளே என்ற தொட்டிலுக்கு எதுத்த மரத்துல ஒரு குட்டி டிகிரிக் கருவியைத் தொங்கவிட்டான். பதினொண்ணு புள்ளி ரெண்டுன்னு காட்டுது. நான் ஒம்பது வருசமா மூக்கு நுனியத் தொட்டுப் பாத்துச் சொல்லிட்டிருந்தவன்.

அவன்ட்ட ஒரு பழக்கம். "அண்ணா சொல்றது சரிதான்"னு ஆரம்பிப்பான். அப்பறம் ஒரு "ஆனா" வருமுங்க பாருங்க. "அண்ணா சொல்றது சரிதான், ஆனா போர்வை தாங்கும்னு சொல்ற டிகிரி உசுரு போகாம இருக்கறதுக்கு. நல்லாத் தூங்கணும்னா அஞ்சு டிகிரி கூட்டிக்கணும்." "அண்ணா சொல்றது சரிதான், ஆனா கீழ்ப்போர்வை முழங்காலோட நின்னுட்டா பாதத்துக்கு ஒரு துண்டு மெத்தை வேணும்." சரியாத்தானுங்க சொல்றான்! எனக்கே தெரியாத விசயமா இருந்தாக் கூடப் பரவால்ல. பாதம் ஜில்லுனு இருக்கறது எனக்கும் தெரியும். நான் அதுக்கு ரெண்டு சாக்ஸு போட்டுக்கிட்டு கம்முனு இருந்தேன், அவ்வளவுதான்.

ஆடியில வந்தான். ஐப்பசி வர்றதுக்குள்ள என்ற புதன்கிழமை போச்சுங்க. ஒரு புதன் எட்டரை மணி வரைக்கும் ஒரு போனும் இல்ல. டவரு இல்லையாட்ட இருக்குதுன்னு மொட்டை மாடிக்கெல்லாம் போய் நின்னேன். அப்பறம் கீழ வந்து தேவகிகிட்ட, "உன்ற போன்ல இருந்து எனக்கு ஒருக்கா அடி"ன்னேன். அடிச்சா. மணி அடிக்குது. நல்லாத்தான் அடிக்குது. அவ என்னையே பாத்துட்டு, "எந்தப் போர்வைங்க எடுத்துட்டுப் போறது?"ன்னு கேட்டா. நக்கலு. நான் சோத்துல தண்ணிய ஊத்திட்டு எந்திரிச்சுட்டேன்.

பொறாமைன்னு நெனச்சுக்காதீங்க. எனக்கு அந்தப் புத்தியே கெடையாது. வயிறு எரிஞ்சுது, அது வேற.

தை மாசம் கூக்கால் போறதுன்னு முடிவாச்சு. கொடைக்கானலையும் தாண்டிப் போகணுங்க. ஒரு பூண்டுத் தோட்டக்காரரு நம்ம வெங்கிடுபதிக்குப் பழக்கம். தை மாசத்துல அங்க ரெண்டு மூணு டிகிரிக்கு எறங்கிரும். சுதன் எங்க வாட்ஸப் குழுவுல ஒரு நீளமான செய்தி போடறான். எல்லாரும் செவப்பு எடுத்துக்கங்க, பாதத்துக்கு மெத்தை எடுத்துக்கங்க. கடேசியில ஒரு வரி. "ரொம்ப நாள் அமுக்கி வெச்ச போர்வை பழையபடி உப்பாது, கெளம்பறதுக்கு முந்தி ஒருக்கா ஒதறி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கங்க."

எனக்குச் சுருக்குனு ஆயிப்போச்சு. ஏன்னா என்ற செவப்புப் போர்வை எங்க இருந்துச்சு தெரியுமுங்களா? கம்பெனியில துணி ரோலுக்கு அடியில. போன தையில வந்து போட்டது, மேல ஒண்ணொண்ணா எட்டு ரோலு ஏறிப்போச்சு. ஒரு வருசம். ஊருக்கெல்லாம் பஞ்சைப் பத்திப் பாடம் எடுக்கறவன் தன்ற போர்வையை அப்படிப் போட்டு வெச்சிருந்தேன். இது தேவகிக்கு மட்டுந்தான் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? தெரியாதுங்க. ஆனா எனக்கு அது என்னையக் குத்தத்தான் எழுதுன மாதிரி இருந்துச்சு. தேவகி, "ஒருக்கா ஒதறித்தான் பாருங்களேன்"ன்னா. அவன் சொல்லி நான் பாக்கறதா? சுருட்டிப் பையில போட்டுக் கெளம்பிட்டேன்.

அங்க போனா, அவன் ஒரு புதுக் கீழ்ப்போர்வை கொண்டாந்திருக்கான். வாத்து எறகு. சுருட்டுனா தேங்காயாட்டம் இத்துனூண்டு இருக்குது. பிரிச்சு விட்டதும் மூச்சு விட்டுட்டு எந்திரிக்குதுங்க, புசுபுசுனு. வெயிட்டே இல்ல. எல்லாரும் சுத்தி நின்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. வெங்கிடுபதி இருக்காரே, அதை எடுத்துக் கன்னத்துல வெச்சுப் பாத்தாருங்க! கண்ணை வேற மூடிட்டாரு. ஒம்பது வருசமா நான் தெச்ச போர்வையிலதானுங்க அந்த ஆளு தூங்குறாரு. ஒரு நாளாச்சும் கன்னத்துல வெச்சுப் பாத்திருப்பாரா?

நான் உட்டுக்குடுப்பனா? "எறகு நல்லாத்தான் இருக்கும், பனியில நனைஞ்சா கட்டி கட்டியாப் போயிரும், அப்பறம் நாய் கூடப் படுக்காது"ன்னேன். ஒரு சண்டை வரட்டும்னுதான் சொன்னேன். அவன் சொல்றான், "ஆமாண்ணா, ஈரத்துக்கு உங்க பஞ்சுதாண்ணா நிக்கும். இன்னைக்குப் பனி எறங்காதுங்கறதாலதான் இதை எடுத்தாந்தேன்." ஒரு "ஆனா" கூடப் போடலைங்க. அன்னைக்குன்னு பாத்து ஒரு "ஆனா" போடலை.

ஒம்பதரைக்குப் படுத்தோம். பத்து நிமிசத்துலயே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. முதுகுல ஐஸுக்கட்டியை வெச்சுத் தேய்க்கற மாதிரி இருக்குது. இடுப்புல இருந்து மேல ஏறுது. பல்லு அடிச்சுக்குது. எந்திரிச்சு நெருப்புப் பக்கம் போயிறலாம். போனா? "பாணியண்ணன் போர்வை தாங்கலையாட்ட இருக்குது"ன்னு விடிஞ்சதும் பேசுவாங்க. துண்டை எடுத்து வாயில கடிச்சுட்டு அசையாமப் படுத்திருந்தேன். அவன் தொட்டிலு பக்கத்து மரத்துலதான். கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு வர்ற சத்தம். "அண்ணா, தூங்கிட்டீங்களா?"ங்கறான். நான் கொறட்டை விட்டேன். நல்லா, சத்தமா விட்டேன். அவன் கொஞ்ச நேரம் அங்கயே நின்னான். அப்பறம் என்ற தொட்டில் கயிறு லேசா அசைஞ்சுது. என்ற முடிச்சு சரியா இருக்கான்னு பாக்கறான் போலிருக்குதுன்னு நெனச்சேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு எந்திரிச்சு ரெண்டு அறை விட்டிருப்பேன், கொறட்டை விட்டுட்டிருந்ததுனால விட முடியலை.

அதுக்கப்பறம் பாத்தீங்கன்னா, சித்த நேரத்துல முதுகு கதகதன்னு ஆயிப்போச்சுங்க. பாத்தியா, என்ற போர்வை சூடேற நேரம் எடுத்துக்குது, அவ்வளவுதான்னு நெனச்சேன். தூங்கிட்டேன். அடிச்சுப் போட்ட மாதிரித் தூக்கம்.

விடிஞ்சு எந்திரிச்சா, கருவியில ரெண்டு புள்ளி நாலு டிகிரி. சுதன் நெருப்புப் பக்கத்துல மேல்போர்வையோட ஒரு தார்ப்பாயையும் சுத்திக்கிட்டு உக்காந்திருக்கான். கண்ணு ரெண்டும் செவசெவன்னு. ராத்திரி முழுக்கத் தூங்கலைன்னு பாத்தாலே தெரியுது. எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? பாலை வார்த்த மாதிரி இருந்துச்சு. எல்லாரும் டீ குடிக்க வந்ததும் வேணும்னே சத்தமாக் கேட்டேன். "என்னப்பா, உன்ற வாத்து கைய விட்டுருச்சா?" அவன் சிரிச்சான். "ஆமாண்ணா, தூக்கம் வரலை"ன்னான்.

அதோட நான் நிறுத்தியிருக்கணுமுங்க. தொட்டிலைக் கழட்டப் போனேன். பாத்தா, என்ற செவப்புப் போர்வைக்கு அடியில அவன்ற எறகுப் போர்வை தொங்குது! நாலு கொக்கியும் என்ற கயித்துல. எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "ஏம்ப்பா, என்ற தொட்டில் கயிறு உனக்குத் துணி காயப் போடற கொடியா?"ன்னு எல்லாரு முன்னாலயும் கத்திட்டேன். வெங்கிடுபதி டீத் தம்ளரைக் கீழ வெச்சாரு. அந்தப் பையன் எந்திரிச்சு நின்னு, "தப்புதாண்ணா. லேசா ஈரமா இருந்துச்சு, காயப் போட்டேன். மன்னிச்சுக்கங்க"ன்னான்.

பாத்தீங்களா? அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான். காயத்தான் போட்டான்.

என்னங்க சொன்னீங்க? சத்தமாச் சொல்லுங்க, வண்டி எறையறதுல கேக்கலை. ரெண்டு டிகிரிக் குளிர்ல, நட்ட ராத்திரியில யாராச்சும் துணி காயப் போடுவாங்களாவா?

நீங்களும் அதையே கேக்கறீங்க. தேவகியும் அதையேதான் கேட்டா. அவசரத்துல அவன்ற போர்வையையும் என்றதோட சேத்துச் சுருட்டிக் கொண்டாந்துட்டேன். வீட்டுல பிரிச்சப்பத்தான் பாத்தேன். தேவகி ரெண்டையும் மாடிக் கொடியில பக்கம் பக்கமாப் போட்டா. என்றதை வெயில்ல புடிச்சா அந்தப் பக்கம் நிக்கிற தென்னை மரம் தெரியுதுங்க. அப்பளமாப் போச்சு. கிழிச்ச துணி கூட அதை விடக் கெட்டியா இருக்கும். அவ மெதுவாத்தான் சொன்னா. "அந்தத் தம்பி உங்களுக்குக் கட்டி உட்டுட்டு ராத்திரி முழுக்கக் குளிர்ல உக்காந்திருந்துருக்குது. நீங்க அதைப் போய்க் கத்திட்டு வந்திருக்கீங்க." நான் அவளையும் கத்துனேன். என்ற வாய்க்கு வேற என்ன தெரியும்?

மூணு வாரம் ஆச்சுங்க. திருப்பிக் குடுக்கணும்னு தெனமும் நெனப்பேன். என்னன்னு சொல்லிக் குடுக்கறது? அவனாக் கேட்டா மூஞ்சியில விட்டெறிஞ்சிருப்பேன். கேக்கவே மாட்டீங்கறானே! பத்தாயிரக் கணக்குல வெலை வெச்ச சாமானம், ஒரு வார்த்தை கேக்கலை. நான் ராத்திரியில நெனச்சுப் பாக்கறது அந்தப் போர்வையை இல்லீங்க. எனக்குக் குளுருதுன்னு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது? அத்தனை கொறட்டை விட்டேனே. ஒம்பது வருசத்துல நான் எத்தனை பேருக்குப் போர்வை தெச்சுக் குடுத்திருக்கேன். ஒருத்தனுக்காச்சும் ராத்திரியில எந்திரிச்சுப் போய், குளுருதான்னு நின்னு பாத்திருக்கனா? அது எனக்குத் தோணவே இல்லீங்க. அவனுக்குத் தோணியிருக்குது. அதுதான் எனக்கு எரியுது.

இந்தப் புதன்கிழமை ஏழு மணிக்குப் போன் அடிச்சுது. அவன். "அண்ணா, சனிக்கிழமை திரும்பவும் கூக்கால் போறமே. எந்தப் போர்வைண்ணா எடுத்துட்டு வரட்டும்?" தெரிஞ்சே கேக்கறானுங்க! அவன்ட்ட கருவி இருக்குது, கணக்கு இருக்குது. அவன்ட்ட இல்லாதது அந்தக் கீழ்ப்போர்வை மட்டுந்தான், அது என்ற வீட்டுல இருக்குது. அதைக் கேக்காம என்ட்ட யோசனை கேக்கறான். எனக்காகக் கேக்கறான். "ஒண்ணும் எடுத்தாராத, நான் கொண்டாரேன்"னு வெச்சுட்டேன்.

ரெண்டு நாளு கம்பெனியில மத்த வேலையெல்லாம் நிறுத்திப் போட்டு ஒண்ணு தெச்சேன். அவன் ஆறடி இருப்பான், பாதம் வரைக்கும் மூடற மாதிரி நீளமா வெட்டுனேன். மூணு அடுக்குப் பஞ்சு. கோடு கோடாப் போடற தையல் வழியாக் குளிரு உள்ளார பூருமுங்க, அதுனால மேலயும் கீழயும் தையலை மாத்தி மாத்திப் போட்டேன். கார்ல கூப்பிட்டாங்க, நான் ஏறலை. டிக்கியில போட்டு மேல அடுப்பு, பாத்திரம்னு ஏத்தி அமுக்கிருவாங்க. அதான் பஸ்ஸு. அதுவுமில்லாம, அவன் பக்கத்துல நாலு மணி நேரம் உக்காந்து என்ன பேசறது?

இன்னைக்கு என்ன பண்ணப் போறன்னு சொல்லட்டுங்களா? அவன்ற எறகை அவன் கையிலயே குடுத்துருவேன். கட்டிட்டுப் படுக்கட்டும். தூங்குனதுக்கு அப்பறம் நான் போய், நான் தெச்சதை அதுக்கு அடியில கட்டி விட்டுட்டு வந்துருவேன். கொறட்டை விட்டாலும் சரி. விடிஞ்சு எந்திரிச்சுப் பாக்கட்டும். அப்பத் தெரியும் அவனுக்கு, அது எப்படி எரியும்னு.

வளைவு வருது, பையைச் சித்தப் புடிச்சுக்கங்க. மெதுவா, மெதுவா. அமுக்காதீங்க.

ஏனுங்க, ஒரு உதவி பண்றீங்களா? வெளி ஆளு நீங்க, பாரபட்சம் இருக்காது. கண்ணை மூடிக்கங்க. இந்தாங்க, இது ஒண்ணு, கன்னத்துல வெச்சுப் பாருங்க. ஆச்சுங்களா? இப்ப இது இன்னொண்ணு. எது மெத்துனு இருக்குது? உள்ளதைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

மொதல்ல வெச்சதா?

அது அவன்றதுங்க.

இல்ல, நீங்க அவசரப்பட்டுச் சொல்றீங்க. வண்டி வேற ஆடுது. இன்னொருக்கா வெச்சுப் பாருங்க.